ஓட்டு வாங்கியவர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

(நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசும்போது விட்டுப்போன சில வருஷங்களையும் எண்களையும் எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



சென்ற கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் மிகவும் மனம் நொந்து சொன்னார்: "ஸார், எங்காத்துக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளுக்கும் ஒரு ஓட்டு, முப்பத்தைந்து வருஷம் சர்வீஸ் போட்ட எனக்கும் ஒரு ஓட்டு. இது என்ன கணக்கு? பட்டதாரிகளுக்கு மட்டும் ஓட்டு என்று வைத்தால்தான் தேசம் உருப்படும்." சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்தில் நின்ற காரியதரிசி அதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் அடுத்த தடவை நீங்களே இதைப் பற்றிப் பேசிவிடுங்கள்" என்றார். தலையாட்டியதற்குத் தண்டனை.

நான் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ். அரசியல் சாஸ்திரம் படித்தவன் அல்ல. ஆனால் நண்பர் சொன்ன மாதிரியான கருத்துக்குப் பத்திரிகைகளில் 'பழமைவாதம்' என்று பெயர் போடுகிறார்கள். அது உண்மையிலேயே பழமைவாதம்தானா, அந்தச் சிந்தனையின் மூலபுருஷர்கள் என்று கருதப்படுகிறவர்கள் ஓட்டைப் பற்றியும் பிரதிநிதியைப் பற்றியும் என்னதான் சொன்னார்கள் என்று பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். அப்படிப் படித்ததில் என்னைப் பிடித்துக்கொண்டவர் எட்மண்ட் பர்க். இன்று பெரும்பாலும் அவரைப் பற்றித்தான்.

பர்க் பிறந்தது அயர்லாந்தின் டப்ளினில். தகப்பனார் புராட்டஸ்டண்ட், வக்கீல் தொழில், தாயார் கத்தோலிக்கர். லண்டனுக்கு வந்து எழுத்தாளராகப் பெயர் வாங்கி, 1765 டிசம்பரில் வெண்டோவர் என்ற சின்னத் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். அந்தத் தொகுதி ஒரு பிரபுவின் கைக்குள் இருந்தது. அவர் கை காட்டினவர் மெம்பர், அவ்வளவுதான். ஆனால் 1774இல் பர்க்குக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. பிரிஸ்டல் துறைமுகப் பட்டணம் அவரை வேட்பாளராகக் கூப்பிட்டது. பெரிய வியாபாரிகள் நிறைந்த ஊர். சுமார் 5,000 வாக்காளர்கள்; அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது மிகப் பெரிய எண்ணிக்கை. இரண்டு மெம்பர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. பர்க் ஜெயித்தார். கூட ஜெயித்தவர் ஹென்றி க்ரூகர் என்பவர், நியூயார்க்கில் பிறந்த வியாபாரி.

1774 நவம்பர் 3ஆம் தேதி முடிவு அறிவித்தவுடன் நன்றி சொல்ல எழுந்த க்ரூகர், நீங்கள் என்ன உத்தரவு போடுகிறீர்களோ அதன்படி நடப்பேன் என்ற பாணியில் பேசி உட்கார்ந்தார். நம் ஊர்களில் மாலை விழுந்த கையோடு எல்லோரும் பேசுகிற பேச்சுதான். அடுத்து பர்க் எழுந்தார். ஜெயித்த அன்றைக்கே ஓட்டுப் போட்டவர்களிடம், உங்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று சொன்னவர் உலகத்தில் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவர் வாதம் இதுதான். உங்கள் விருப்பத்துக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்க வேண்டும், உங்களோடு நெருங்கிப் பழக வேண்டும், என் தூக்கத்தையும் சுகத்தையும் உங்களுக்காக விட வேண்டும், எல்லாம் சரி. ஆனால் என் புத்தியையும் மனச்சாட்சியையும் உங்களுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. அது பகவான் கொடுத்தது. அதை உபயோகிக்காமல் உங்கள் அபிப்பிராயத்தை அப்படியே ஒப்பித்தால் நான் உங்களுக்குச் சேவை செய்தவன் ஆகமாட்டேன், துரோகம் செய்தவன் ஆவேன். இன்னொரு காரணமும் சொன்னார். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பார்லிமெண்ட் என்பது ஒவ்வொரு ஊரும் தன் வக்கீலை அனுப்பி மற்ற ஊரோடு சண்டை போடும் இடம் அல்ல, முழு தேசத்துக்காகவும் உட்கார்ந்து யோசிக்கிற சபை. முந்நூறு மைல் தள்ளி இருக்கிறவர்கள் ஒரு தரப்பு வாதத்தைக்கூடக் கேட்காமல் முடிவெடுத்து அனுப்பிவிட்டால், வாதத்தைக் கேட்கிறவர்கள் கையில் முடிவு இல்லை, முடிவு செய்கிறவர்கள் காதில் வாதம் விழவில்லை. அப்புறம் சபை எதற்கு?

சொல்வது சுலபம். நடந்தது என்ன என்றும் பார்க்க வேண்டும்.

1778இல் அயர்லாந்து வியாபாரத்தின் மேல் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்த ஒரு முயற்சி வந்தது. பிரிஸ்டல் வியாபாரிகளுக்கு இது வயிற்றில் அடிக்கிற விஷயம். பர்க் தளர்த்த வேண்டும் என்று பேசினார். அதே வருஷம் கத்தோலிக்கர்கள் மேல் இருந்த சில கொடிய சட்டங்களை நீக்க மசோதா வந்தது, அதற்கும் ஆதரவு. கடன் கட்ட முடியாதவர்களைக் காலவரையின்றிச் சிறையில் போடுவதைக் குறைக்க ஒரு மசோதா வந்தது. கடன் கொடுத்துப் பிழைக்கிற ஊரின் மெம்பர் அதற்கும் ஆதரவு. போதாக்குறைக்குத் தொகுதிப் பக்கம் அபூர்வமாகத்தான் போனார். 1780 செப்டம்பரில் தேர்தல் வந்தது. பிரிஸ்டலுக்குப் போய், நான் செய்தது சரிதான் என்று நீளமாக ஒரு பிரசங்கம் செய்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்று நாளில் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் போட்டியிலிருந்து விலகிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், உத்தரவுப்படி நடப்பேன் என்று சொன்ன க்ரூகரும் அந்தத் தேர்தலில் தோற்றுப்போனார்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பர்க்கோடு என்னை ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அளவு ரொம்பச் சின்னது, வடிவம் ஒன்று.

ரிடையர் ஆனபின் நாங்கள் குடிபோன ஹவுஸிங் சொஸைட்டியில் நான்கு விங். கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற குழாய் எங்கள் ஏ விங் பக்கம். அதனால் எங்களுக்கு எப்போதும் தண்ணீர், கடைசியில் இருக்கும் டி விங்குக்கு நூலாக வரும். ஒரு வருஷம் ஏ விங்கின் பதினாறு வீட்டார் சேர்ந்து என்னைக் கமிட்டிக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு கட்டளை: பொதுத் தொட்டி கட்டி எல்லா விங்குக்கும் சமமாகப் பிரிக்கும் தீர்மானம் வந்தால் எதிர்த்து ஓட்டுப் போட வேண்டும். சரி என்றுதான் போனேன். ஆனால் படித்தது பிஸிக்ஸ். அளக்காமல் இருக்கக் கை வரவில்லை. ஒரு வாரம் காலை ஐந்தரை மணிக்கு வாளியும் கைக்கடிகாரமுமாக நான்கு விங்கிலும் போய் ஒரு வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று நோட்டில் எழுதினேன். எங்கள் விங்கில் நாற்பது வினாடி. டி விங் மேல்மாடியில் ஏழு நிமிஷம், அதுவும் இருபது நிமிஷத்தில் நின்றுவிடும். ஒரு வயதான மராத்திப் பாட்டி மாடிப்படியில் குடத்தோடு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கமிட்டியில் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினேன். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

அன்று சாயந்திரமே கீழ்வீட்டுக்காரர் வந்துவிட்டார். "காகா, உங்களை எதற்கு அனுப்பினோம்?" கோபம்கூட இல்லை, ஏமாந்துபோன குரல். அடுத்த வருஷம் எனக்கு விழுந்தது நான்கு ஓட்டு. அதில் இரண்டு எங்காத்து ஓட்டு.

பல நாள் எனக்கு நானே பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பிரிஸ்டல் கதையைப் படித்தபிறகுதான் உறைத்தது. அளந்த நோட்டை நான் கமிட்டியில் காட்டினேனே தவிர, என்னை அனுப்பின பதினாறு வீட்டில் ஒரு வீட்டிலும் காட்டவில்லை. ஓட்டுக்கு முன்னால் ஒரு நாள் சாயந்திரம் படியேறியிருந்தால் அவர்களில் பாதிப் பேராவது மனம் மாறியிருக்கலாம். மாறாவிட்டாலும், காதில் போடாமல் செய்தான் என்ற வருத்தம் இருந்திருக்காது. பர்க்கும் பிரிஸ்டல்காரர்களுக்குக் கடிதம் எழுதினார், பிரசங்கம் செய்தார். அவர்கள் வீட்டுத் திண்ணையில் போதுமான அளவு உட்காரவில்லை. நெருங்கிப் பழக வேண்டும் என்று 1774இல் அவரே சொன்ன பாதியை அவரே விட்டுவிட்டார். சொந்த புத்தியை உபயோகிக்கிற உரிமை, திரும்பி வந்து விளக்கம் சொல்கிற கடமையோடு ஒட்டிப் பிறந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன்: பட்டதாரிகளுக்கு மட்டும் ஓட்டு.

பர்க் இதில் நண்பர் பக்கம்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஓட்டுரிமையை விரிவாக்குவதை அவர் கடைசிவரை ஆதரிக்கவில்லை. சொத்தும் ஓய்வும் உள்ளவர்கள் ஓட்டுப் போட்டால் போதும். ஓட்டு இல்லாத பர்மிங்ஹாமுக்கும், அந்த ஊரைப் போலவே தொழில் உள்ள மற்ற ஊர்களின் மெம்பர்கள் பேசுவார்கள் என்று நம்பினார். பிரிஸ்டலில் தோற்றபின் அவர் உட்கார்ந்ததும், இன்னொரு பிரபுவின் கைக்குள் இருந்த மால்டன் தொகுதியில்தான். 1794 வரை அங்கிருந்துதான் வந்தார்.

ஆனால் அந்தக் குறுகின ஓட்டுரிமை எப்படிப்பட்ட பார்லிமெண்டைக் கொடுத்தது? இதற்குச் சாட்சியும் பர்க்தான், விஷயமும் நம்முடையது. ஆற்காடு நவாப் முகமது அலி, கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் வட்டிக்கு வட்டியாகக் கடன் வாங்கியவர். கடனை அடைக்க வரி வசூல் உரிமையையே அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். 1773இல் கம்பெனிப் பட்டாளம் தஞ்சாவூரைப் பிடித்து நவாபிடம் ஒப்படைத்ததன் பின்னாலும் இந்தக் கடன்காரர்களின் பசி இருந்தது. 1776இல் கவர்னர் பிகட் தஞ்சையைத் திரும்ப ராஜாவிடம் கொடுத்தார். அதே வருஷம் அவருடைய கவுன்சில் மெம்பர்களே அவரைப் பிடித்து அடைத்தார்கள். 1777இல் காவலிலேயே இறந்தார். இந்தக் கடன்காரர்களில் பெரிய புள்ளி பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டுப் பணம் லண்டனுக்குப் போய் என்ன செய்தது? பார்லிமெண்ட் சீட்டுகளை வாங்கியது. 1785 பிப்ரவரி 28இல் பர்க் செய்த ஆற்காடு நவாப் கடன் பிரசங்கம் இதைத்தான் உடைத்துக் காட்டுகிறது. (பர்க்கின் உறவுக்காரர் வில்லியம் பர்க் தஞ்சாவூர் ராஜாவின் ஏஜெண்டாக இருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. முழுக்கவும் சுத்தமான கை எங்கேயும் கிடைப்பதில்லை.)

யோசித்துப் பாருங்கள். அந்த வாக்காளர்கள் சொத்துள்ளவர்கள். அந்த மெம்பர்கள் படித்தவர்கள். ஓல்ட் சாரம் என்ற தொகுதியில் ஒரு டஜன் ஓட்டுகூடக் கிடையாது, மெம்பர் மட்டும் இரண்டு. அது ஒரு காலத்தில் தாமஸ் பிட்டின் குடும்பச் சொத்து. 1698 முதல் 1709 வரை நம் மதராஸில் கவர்னராக இருந்து வைரம் வாங்கிப் போனாரே, அவரேதான். அவர் பேரன், பிற்காலத்துப் பிரதமர் வில்லியம் பிட், 1735இல் முதன்முதலில் அந்தத் தொகுதியிலிருந்துதான் உள்ளே போனார். 1832இல்தான் அந்தத் தொகுதியை ஒழித்தார்கள். ஓட்டு குறைந்தால் விலைக்கு வாங்குவது சுலபம் ஆகிறதே தவிரக் கஷ்டம் ஆவதில்லை. அந்த அம்மாள் ஓட்டுக்கு ஐந்நூறு ரூபாய் வாங்குகிறாள் என்று கோபப்படுகிறோம். அன்றைக்கு ஒரு தொகுதியையே நிலத்தோடு சேர்த்து விற்றார்கள். வாங்கினவர்கள் லத்தீன் படித்தவர்கள்.

நம் நாட்டிலும் இந்தப் பரிசோதனை நடந்திருக்கிறது. 1935ஆம் வருஷச் சட்டத்தில் சொத்து, வரி, படிப்பு என்று வரம்பு வைத்து சுமார் 3 கோடிப் பேருக்கு ஓட்டுக் கொடுத்தார்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் அது 17.3 கோடி ஆனது. அரசியல் நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத், 1949 நவம்பர் 26 அன்று முடிவுரையில் தனக்கு இருந்த இரண்டு வருத்தங்களைச் சொன்னார். அதில் ஒன்று, சட்டசபை மெம்பர்களுக்குத் தகுதி எதுவும் வைக்க முடியவில்லையே என்பது. கவனியுங்கள், ஓட்டுப் போடுகிறவருக்கு அல்ல, ஓட்டு வாங்குகிறவருக்கு.

1977 மார்ச் தேர்தலில் நான் ஜபல்பூரில் போஸ்டிங்கில் இருந்தேன். தேர்தல் டியூட்டி போட்டு ஒரு குக்கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எமர்ஜென்ஸி சமயத்தில் எங்கள் ஆபீஸில் பொதுவான அபிப்பிராயம், ரயில் நேரத்துக்கு வருகிறது, எல்லோரும் பத்து மணிக்கு ஸீட்டில் இருக்கிறார்கள் என்பதுதான். நானும் அப்படிச் சொன்னவன். அன்று மத்தியானம் ஒரு கிழவி வந்தாள். விரலில் மை வைத்துச் சீட்டைக் கொடுத்ததும், "நான் எதில் முத்திரை குத்தினேன் என்று யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். தடுப்புக்குப் பின்னால் போனவள் திரும்பி வந்து மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் சொன்னேன். அப்புறம்தான் போய்க் குத்தினாள். எதில் குத்தினாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. படிப்பில் முதலிடம் வகித்த கேரளத்தில் எமர்ஜென்ஸி கொண்டுவந்த தரப்பே 20க்கு 20 ஜெயித்தது. மலையாளிகள் புத்தி இல்லாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கும். பட்டப்படிப்பு இருந்தால் சுதந்திரத்தின் அருமை தெரியும் என்ற சூத்திரம் மட்டும் அந்த வருஷம் பொய்த்துப்போனது. எங்கள் ஆபீஸில் அத்தனை பேரும் பட்டதாரிகள்.

ராஜாஜியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மேடையில் இறங்க முடியாது. நம் நாட்டில் பர்க்கின் வழிக்கு மிக அருகில் வந்த பெரியவர் அவர்தான். 1959இல் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தபோது 21 கொள்கைகள் வெளியிட்டார்கள். கடைசிக் கொள்கை என்ன தெரியுமா? இந்த அடிப்படைக் கொள்கைகளுக்கு வெளியே உள்ள எந்த விஷயத்திலும் மெம்பர்கள் தங்கள் சொந்த அபிப்பிராயப்படி நடக்கலாம் என்பது. 1962இல் 18 இடம், 1967இல் 44 இடம் என்று லோக்சபாவில் வளர்ந்த கட்சி, 1974இல் இன்னொரு கட்சியோடு கரைந்து போயிற்று.

ஆனால் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது என்ன நடந்தது? 1952இல் அவர் தேர்தலில் நிற்கவில்லை. மேல்சபைக்கு நியமனம் செய்யப்பட்டு முதலமைச்சர் ஆனார். 1953இல் கிராமப் பள்ளிகளில் பாதி நேரப் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். மக்களையும் தன் கட்சிக்காரர்களையும் இணங்க வைப்பதற்கு முன்பே அமலுக்கு வந்துவிட்டது. செருப்புத் தைக்கிறவர் பிள்ளை செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்று எதிரிகள் கேட்டார்கள். நம் வீடுகளில் அதை வெறும் துவேஷம் என்று சொல்லியே வளர்ந்தோம். துவேஷமும் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட தகப்பனாரின் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. 1954இல் அவர் விலக, காமராஜ் வந்து திட்டத்தை எடுத்துவிட்டார். அவ்வளவு பெரிய புத்தி, ஓட்டுக் கேட்டுப் படியேறியிருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். உங்களில் சிலருக்கு இது பிடிக்காது. கேள்வி நேரத்தில் திட்டுங்கள்.

லேபில் கால்வனாமீட்டர் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரண்ட் விட்டதும் ஊசி இப்படியும் அப்படியும் ஆடும். ஆட்டத்தைத் தணிக்க டாம்பிங் வேண்டும். டாம்பிங் இல்லாவிட்டால் ரீடிங் எடுக்க முடியாது. அதிகமாக வைத்துவிட்டாலோ ஊசி வர வேண்டிய இடத்துக்கு வந்து சேரவே நாழியாகும். மக்களின் மனோநிலை கரண்ட் என்றால், யோசித்து விவாதிக்கிற பிரதிநிதி டாம்பிங். கரண்டையே நிறுத்திவிட்டால் மீட்டருக்கு என்ன வேலை?

இன்றைக்கு நம் மெம்பர்கள் எந்த வகை? 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. பதினைந்து நாளில் மூன்று தடவை கட்சி மாறினார். அதிலிருந்து வந்த அலுப்பில் 1985இல் 52ஆவது திருத்தமாகக் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சிக் கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். 2003இல் மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் தப்பிக்கலாம் என்ற வழியையும் அடைத்தார்கள். நம்பிக்கைத் தீர்மானம் மாதிரி விஷயங்களுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு போதும் என்று 1990இல் தினேஷ் கோஸ்வாமி கமிட்டி சொன்னது, ஏற்கப்படவில்லை. ஆகவே இன்றைய மெம்பர் க்ரூகர் மாதிரி தொகுதியின் உத்தரவுக்கும் கட்டுப்பட்டவர் அல்ல, பர்க் மாதிரி சொந்த புத்திக்கும் கட்டுப்பட்டவர் அல்ல. மூன்றாவதாக ஒருவருக்குக் கட்டுப்பட்டவர். அவருக்கு நாம் யாரும் ஓட்டுப் போடவில்லை. நண்பர் கோபப்பட வேண்டிய இடம் இது. பாத்திரம் தேய்க்கிற அம்மாளிடம் அல்ல.

பொதுத் தொட்டி இப்போதும் ஓடுகிறது. போன மாதம் கீழ்வீட்டுக்காரரின் பையன் மாடி ஏறி வந்தான். இந்த வருஷம் ஏ விங் சார்பில் அவன்தான் கமிட்டி மெம்பர். ஸோலார் பேனல் விஷயம் வருகிறதாம். மொட்டைமாடியை எந்த விங் விட்டுக்கொடுப்பது என்று தகராறு. "காகா, அந்தத் தண்ணீர் நோட் இருக்கா? எப்படி அளந்தீர்கள் என்று பார்க்கணும்" என்றான். பரணில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். கமிட்டி மீட்டிங் என்றைக்கு என்று கேட்டேன். இருபது நாள் இருக்கிறது என்றான். பதினாறு வீட்டுக்குத் தாராளமாகப் போதும் என்றேன்.